குளத்தில் முங்கி மீன் பிடிக்கும் பருந்து எது?

முக்கூடல் பையன்:
எங்கள் மாமா ஊர்க்குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். ஐப்பசி மழையில் குளம் பெருகியதிலிருந்து ஒரு பருந்து தினமும் வருகிறது. அந்தரத்தில் சிறகடித்து நின்றுவிட்டு, காலை நீட்டித் தொபீரென்று விழுந்து கெண்டையோடு எழும்புகிறது. வயிறு வெள்ளை, செம்பருந்து இல்லை. வேட்டு போட்டு விரட்டலாமா என்கிறார் மாமா. மீனைக் காலி செய்துவிடுமா?

நாங்குநேரியான்:
விராலடிப்பான் அது. கண் வழியாகப் பிடரி வரை பழுப்புப் பட்டை ஓடும், பாருங்கள். செம்பருந்து மேலாக வருகிற மீனைக் கால் நனைய அள்ளிக்கொண்டு போகும். இது உடம்போடு முங்கும். ஆனாலும் ஒரு மீட்டருக்குக் கீழே எட்டாது, அடியில் கிடக்கும் மீன் தப்பித்தது.

சூட்சுமம் காலில்தான். பாதத்துக்கு அடியில் அரம் மாதிரி முள் முள்ளாக இருக்கும். வெளிவிரலைப் பின்னால் மடக்கி, முன்னே இரண்டு பின்னே இரண்டாகக் கவ்விவிட்டால் எந்தக் கெண்டையும் நழுவாது. எழும்பியதும் ஒரு உதறு உதறும். அப்புறம் மீன் தலையை முன்பக்கம் திருப்பிக்கொண்டு பறக்கும், காற்று தடுக்காது. எங்கள் குளத்துக்கு வருவது கரையிலுள்ள மொட்டைப்பனையில் உட்கார்ந்து தலையிலிருந்துதான் தின்னும். பனைமூட்டில் செதிலும் வாலும் சிந்திக் கிடக்கும்.

ஒரு நாளைக்கு 300, 400 கிராம் மீன் போதும் அதற்கு. கூட்டமாக இறங்கும் நீர்க்காகத்தை விட்டுவிட்டு இந்த ஒற்றைப் பறவையோடு உங்கள் மாமா மல்லுக்கட்டுவானேன்?

முக்கூடல் பையன்:
சரி அண்ணாச்சி. இங்கேயே கூடு வைக்குமா?

நாங்குநேரியான்:
வைக்காது. கூடு, குஞ்சு எல்லாம் வடக்கே. பங்குனி வெயில் ஏறினால் கிளம்பிவிடும். இளசு சிலது கோடையிலும் தங்குவதுண்டு.

கூந்தன்குளத்துக்காரி:
வேட்டு மட்டும் வேண்டாம் தம்பி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற பறவை, மாமாதான் மாட்டுவார். எங்கள் ஊரில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. மீன்குஞ்சு விட்ட ஓரத்தில் பனையோலையை வெட்டித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள், குஞ்சு அதனடியில் ஒதுங்கிக்கொள்ளும். நீர்க்காகத்துக்கும் அதுதான் வழி.