வங்கி சாட்போட் மோசடிப் புகாரைப் பொதுக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறது – எங்கே கோளாறு?

பிரிக்பீல்ட்ஸ்_பேக்எண்ட்:
கோலாலம்பூரில் ஒரு வங்கிக்கு ஏஐ உதவியாளர் செய்கிறோம். இணையச் சாட், லாகின் கிடையாது. மோசடியில் சிக்கியவர் எழுதினால் உடனே ஹாட்லைனுக்குத் தள்ளவேண்டும். மலாயில் எழுதினால் தள்ளுகிறது. நம்மாட்கள் தமிழை மலாய், ஆங்கிலத்தோடு ரோமன் எழுத்தில் கலந்தடித்தால் கோட்டை விடுகிறது. சோதனையில் தோற்றவை இரண்டு (இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்; டேக் என்றால் பணப் பரிமாற்றத்துக்கு வரும் ஒருமுறை ரகசிய எண், வெள்ளி என்றால் ரிங்கிட், மைகார்டு என்றால் மலேசிய அடையாள அட்டை):

"அண்ணே டேக் 482913 குடுத்துட்டேன், 3000 வெள்ளி போச்சு" – "எதைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறது.

"கணக்கு முடக்கப்படும், மைகார்டு விவரத்தைப் புதுப்பிக்கவும்" என்ற போலி எஸ்எம்எஸ்ஸை அப்படியே ஒட்டினால், மைகார்டு புதுப்பிப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறது!

செய்தி போகும் வரிசை: அந்தரங்கத் தகவல் மறைப்பு, நோக்கம் கண்டறிதல், பிறகு மொழி மாதிரியின் பதில். பெரிய மாதிரிக்கு மாறினால் தீருமா பாஸ்?

ஜெலுத்தோங்_டேட்டா:
தீராது. முதல் கேஸ் உங்கள் மறைப்புப் படியிலேயே செத்துவிட்டது. அந்தப் படிக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்று லாகை (பதிவுக் கோப்பை) திறந்து பாருங்கள். "டேக் + 6 இலக்கம்" என்று ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் விதி) எழுதியிருந்தால் எண்ணோடு சொல்லும் போயிருக்கும். தொகைக்கும் அப்படியே விதி இருந்தால் 3000-உம் போயிருக்கும். மிச்சம் "அண்ணே குடுத்துட்டேன், வெள்ளி போச்சு". பாவம், போட் கேட்டது நியாயமான கேள்விதான். துடைக்காதீர்கள், குறி போடுங்கள்: <டேக்>, <தொகை>, <கணக்கு>, <மைகார்டு>. எண் மட்டும் மறையட்டும், அது என்ன எண் என்பது தங்கட்டும். மைகார்டு 12 இலக்கம். கோடு போட்டும் போடாமலும் வரும், இரண்டையும் பிடியுங்கள்.

ரோமனில் ஒரே சொல்லுக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல். சொல் பட்டியலை மட்டும் நம்பினால் நழுவும். சொல்லை 3 முதல் 5 எழுத்துத் துண்டுகளாக (என்-கிராம்) பார்க்கும் ஒரு சின்ன வகைப்படுத்தியைப் பக்கத்தில் ஓட்டுங்கள். "போச்சு", "காணோம்", "கெனா ஸ்கேம்" (ஏமாந்துவிட்டேன்), "டுயிட் ஹிலாங்" (காசு போச்சு) எல்லாம் பயிற்சித் தரவில் இருக்கவேண்டும். போட் ஒரு நோக்கத்தை ஏற்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் (0 முதல் 1 வரை) எல்லா நோக்கத்துக்கும் ஒரே வரம்பா வைத்திருக்கிறீர்கள்? மோசடிக்கு மட்டும் 0.3 வரை இறக்குங்கள். மோசடி அல்லாததைத் தப்பாகப் பிடித்தால் கூடுதலாக ஒரு கேள்வி, அவ்வளவுதான். தவறவிட்டால் அந்த நேரத்தில் காசு இரண்டு மூன்று கணக்கு தாண்டிவிடும்.

பினாங்கு_ரிஸ்க்:
இரண்டாவது கேஸில் போட் வாடிக்கையாளர் பேச்சையும் மோசடிக்காரன் பேச்சையும் ஒன்றாக வாசிக்கிறது. லிங்க், "அன்பான வாடிக்கையாளரே", அவசரக் கெடு வந்தால் அது ஒட்டிய செய்தி என்று தனி உறையில் போடுங்கள். உறைக்குள் இருப்பதற்குப் பதில் சொல்லவோ அது சொன்னபடி நடக்கவோ கூடாது என்று மாதிரிக்குச் சொல்லிவிட்டு, மூன்று பட்டன் காட்டுங்கள்: லிங்க்கை அழுத்தினேன், டேக் கொடுத்தேன், ஆப் இறக்கினேன்.

மூன்றாவது பட்டனை அழுத்தினால் கதையே வேறு. ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் நிறுவும் கோப்பு) உள்ளே போயிருந்தால் வரும் எஸ்எம்எஸ்ஸை அது படிக்கும். சிலது திரையையும் பார்க்கும். அந்தப் போனில் சாட்டை இழுக்காதீர்கள். டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்து, வேறு போனிலிருந்து வங்கி ஹாட்லைனையோ தேசிய மோசடி உதவி மையத்தின் 997-ஐயோ கூப்பிடச் சொல்லுங்கள். போலீஸ் ரிப்போர்ட் அதற்கப்புறம். தொலைபேசி எண்களை மொழி மாதிரி தானே உருவாக்கவிடாமல் நிலையான வார்ப்புருவில் வையுங்கள். தப்பான எண் ஒன்று போதும்.

பிரிக்பீல்ட்ஸ்_பேக்எண்ட்:
குறி போட்டதும் முதலாவது சரியாகிவிட்டது, நன்றி அண்ணே. கில் சுவிட்ச்சை (கணக்கை உடனே முடக்கும் வசதி) இந்தச் சாட்டிலேயே கொடுக்கலாமா? மொழி மாதிரியே வங்கி அமைப்பின் டூலைக் கூப்பிட்டு முடக்கிவிடும்.

பினாங்கு_ரிஸ்க்:
லாகின் இல்லாத சாட்டில் கூடவே கூடாது. ஐசி (மைகார்டு) எண் தெரிந்தவன் எவனும் அடுத்தவர் கணக்கைப் பூட்டிவிடுவான். ஆப்புக்குள் லாகின் ஆனவருக்கு மட்டும் பட்டன், அழுத்துவதும் அவரே. முடக்கியதைத் திறக்கும் வேலை போட்டிடம் வரவே கூடாது. "காசு திரும்பக் கிடைக்கும்" என்ற வாக்கியத்தையும் பதிலில் தடுத்துவிடுங்கள்.

ஜெலுத்தோங்_டேட்டா:
இன்னொன்று. துல்லிய சதவீதத்தைக் காட்டி மேலிடத்தைத் திருப்திப்படுத்தாதீர்கள். 1000 செய்தியில் 10 மட்டுமே மோசடி என்றால், பத்தையும் விட்ட போட்டுக்கும் 99 சதவீதம் வரும். மோசடிச் செய்திகளில் எத்தனை பிடிபட்டது என்பதைத் தனியாக எண்ணுங்கள். தமிழ்க் கலப்பு, மலாய், சீனம், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் தனி வரி.

பிரிக்பீல்ட்ஸ்_பேக்எண்ட்:
எஸ்எம்எஸ்ஸை ஒட்டி "இது உண்மையா?" என்று மட்டும் கேட்டால்?

பினாங்கு_ரிஸ்க்:
"உண்மை" என்று ஒருபோதும் சொல்லவிடாதீர்கள். லிங்க்கைத் தொடவேண்டாம், ஏடிஎம் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள் – இது ஒன்றுதான் பதில். கூடவே அதே மூன்று பட்டன்.