கலைச்சொல் விவாதம்: கடனைக் குறைத்து இயற்கையைக் காக்கும் ஒப்பந்தத்துக்கு எந்தச் சொல்?

கிளிநொச்சி மடல்

குழுவினருக்கு வணக்கம்.

உயிர்ப்பல்வகைமையைக் காக்க வெளிநாடுகளிலிருந்து எப்படிக் காசு வருகிறது, சரணாலயங்களுக்கும் தேசிய பூங்காக்களுக்கும் அது எந்த வழியால் வந்து சேருகிறது என்று ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வன்னியில் உள்ள கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கொடுப்பதற்கு. பெரும்பாலான சொற்களுக்குத் திணைக்களத் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. சுற்றாடல் திட்டங்களுக்குக் காசு கொடுக்கிற சர்வதேச நிதியத்தின் பெயரான ‘உலகச் சுற்றாடல் வசதி’ என்பதில் அந்த ‘வசதி’ ஏதோ குளியலறை வசதி போலத்தான் கேட்கிறது, ஆனால் புழக்கத்துக்கு வந்துவிட்டது, விட்டுவிட்டேன். 2022 டிசெம்பரில் மொன்றியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட உயிர்ப்பல்வகைமை இலக்குகளையும் எழுதிவிட்டேன்: 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 வீதத்தைக் காப்பது, எல்லா வழிகளாலும் சேர்த்து ஆண்டுக்கு 200 பில்லியன் டொலர் திரட்டுவது, அதில் வளர்முக நாடுகளுக்கு 2030இல் 30 பில்லியன் போய்ச் சேர்வது.

இடறுவது ஒன்றுதான்: ‘டெப்ற் ஃபோர் நேச்சர் சுவொப்’, அதாவது ஒரு நாட்டின் கடனைக் குறைத்து, பதிலுக்கு அந்த நாடு இயற்கையைக் காக்க ஒப்புக்கொள்கிற ஒப்பந்தம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திய பிறகு இந்தப் பேச்சு கொழும்பில் நிறைய அடிபட்டது. அதனால் விட்டுவிட்டு எழுதவும் முடியாது.

இந்தக் குழுவில் முன்பு மூன்று சொற்கள் வந்தன: இயற்கைக்கான கடன் மாற்றீடு, கடன்–இயற்கைப் பரிமாற்றம், பசுமைக் கைமாற்று. கடைசியை உடனே தள்ளலாம். கைமாற்று என்றால் பக்கத்து வீட்டில் வட்டியில்லாமல் வாங்கி வருகிற கிழமை திருப்பிக் கொடுப்பது. மற்ற இரண்டையும் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: “பரிமாற்றம் எண்டால் ஆர் எதைக் குடுத்து எதை வாங்கினம்? காட்டை ஈடு வைக்கினமோ, ஒற்றி வைக்கினமோ? ஈடெண்டால் காணி எங்கட கையில இருக்கும், வட்டியைக் கட்டலாம். ஒற்றியெண்டால் விளைச்சல் அவனுக்கு.”

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் வேறு எதைப் பற்றியும் பேச முடியவில்லை. மல்லாவி ஐயாவும் மன்னார் அண்ணையும் கட்டாயம் எழுத வேண்டும்.

மல்லாவி மடல்

தங்கச்சி, அந்த அம்மா பாதி வேலையை முடித்துத் தந்துவிட்டார். தேசவழமையில், அதாவது எங்கள் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டத்தில், ஒற்றி என்பது வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனைக் கடன் கொடுத்தவன் எடுப்பது. ஈட்டில் அப்படி இல்லை. எங்கள் ஆட்களுக்குக் கடன் என்ற சொல்லும் காணி என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். ‘மாற்று’, ‘பரிமாற்றம்’ எல்லாம் அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற சொற்கள்.

எங்கள் ஊரில் மட்டும் வந்த பயமும் இல்லை இது. 1987இல் பொலிவியாவில் நடந்ததுதான் இந்த வகையில் முதல் ஒப்பந்தம். அமெரிக்காவின் கன்சர்வேஷன் இன்ரர்நெஷனல் என்ற அமைப்பு, பொலிவியாவின் கடனில் 650,000 டொலர் பெறுமதியானதைச் சந்தையில் 100,000 டொலருக்கு வாங்கியது. திருப்பிக் கட்டமாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்த கடன், அதனால் அவ்வளவு மலிவு. வாங்கியதை இரத்துச் செய்தது. பதிலுக்கு பொலிவிய அரசு பெனி உயிர்க்கோளக் காப்பகத்தைச் சுற்றிய பெரும் பரப்பைச் சட்டத்தால் காப்பதாகவும், 250,000 டொலருக்குச் சமமான உள்நாட்டுப் பணத்தில் ஒரு நிதியம் போடுவதாகவும் ஒப்புக்கொண்டது. ஒரு பரப்புக் காணிகூடக் கைமாறவில்லை. இருந்தும் வெளிநாட்டுக்காரர் காட்டை வாங்கிவிட்டார்கள் என்ற கதை அங்கே பரவியது. காட்டில் வாழ்ந்த சனத்தின் காணி உரிமையைத் தீர்க்காமல் ஒப்பந்தம் போட்டதும் சேர்ந்து பெரிய தலையிடியாகியது.

ஆக, எதை எதற்கு மாற்றினார்கள் என்று தேடுவதை விடுங்கள். கடன்பட்டவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவன் கடனில் ஒரு பங்கு கழிகிறது. வெளியே கட்ட வேண்டிய காசு உள்ளூரில் ஒரு வேலைக்குச் செலவாகிறது.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினவன். விதைநெல்லும் பசளையும் கடனாகக் கொடுப்போம். அறுவடையில் மூட்டை வந்ததும் பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே வலப்பக்கம் நெல்லின் பெறுமதியை எழுதி, இடப்பக்கத் தொகையில் அதைக் கழிப்போம். காசு கையால் கொடுபடவே இல்லை. “கடனை நெல்லாக் கழிச்சிட்டன்” என்றுதான் சொல்வார்கள். கடலோரத்தில் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கினவர் மீனாகக் கழிப்பார். சொல் அங்கேயே கிடக்கிறது.

என் பரிந்துரை: காப்புக் கடன்கழிப்பு.

மன்னார் மடல்

ஐயா சொன்ன அடிப்படையோடு எனக்குச் சண்டையில்லை. சொல்லோடு மூன்று சண்டை.

முதலாவது சின்னது. கழிப்பு என்றால் எங்கள் பக்கம் செய்வினைக்குக் கழிப்புக் கழித்துச் சந்தியில் கொண்டுபோய் வைப்பது. சர்வதேச நாணய நிதியத்துக்குக் கழிப்புக் கழிக்கிறதென்றால் நானும் வாறன், தேசிக்காய் என் செலவு. வெறும் ‘காப்பு’ என்றால் கையில் போடுவதும் கோயிலில் கட்டுவதும்தான். அதோடு ‘உறுதி’ என்று எதையாவது ஒட்டினீர்களோ, காப்புறுதி முகவர் வாசலில் வந்து நிற்பார்.

இரண்டாவது பெரியது. பொலிவியாக் கதை பழசு. இப்போது பேசப்படுகிற ஒப்பந்தங்கள் வேறு மாதிரி. பெலீஸ் நாடு 2021இல் தன் 553 மில்லியன் டொலர் பிணைமுறியை (கடன் வாங்கியபோது கொடுத்த பத்திரத்தை) டொலருக்கு 55 சதம் என்ற விலைக்கு மீள வாங்கியது. வாங்க எங்கிருந்து காசு? த நேச்சர் கொன்சர்வன்சி என்ற அமெரிக்க இயற்கைக் காப்பு அமைப்பு ஒழுங்கு செய்த 364 மில்லியன் டொலர்ப் புதுக் கடன். புதுக் கடன் வாங்கிப் பழைய கடனைச் சகாய விலைக்கு முடித்தார்கள். 2023இல் எக்குவடோர் கலாபகோஸ் தீவுகளைக் காட்டி 1.6 பில்லியன் டொலர் அளவு பிணைமுறிகளை இதே வழியில் வாங்கியது. ஐயாவின் நெல் மூட்டைக் கணக்கு இதற்குப் பொருந்துமா? மூட்டை கொடுத்துக் கழித்தவர் பிறகு புதுக் கடனோடு வீட்டுக்குப் போவதில்லையே.

மூன்றாவதுதான் நான் எழுதக் காரணம். பெலீஸ் அந்த ஒப்பந்தத்தில் 2026க்குள் தன் கடற்பரப்பில் 30 வீதத்தைக் காப்பதாக எழுதிக் கொடுத்தது. கடலை எவனும் கொண்டுபோகவில்லை, உண்மை. ஆனால் எங்கே வலை போடலாம், எங்கே போடக்கூடாது என்ற முடிவு கடன் பத்திரத்தோடு பிணைந்துவிட்டது. புதுக்குடியிருப்பு அம்மாவிடம் “ஈடுமில்லை, ஒற்றியுமில்லை, பயப்படாதேங்கோ” என்று மட்டும் சொன்னால் அது அரைகுறை விடை.

வன்னியில் இதை எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மீளக்குடியேறி வந்தவர்கள் தங்கள் பழைய வயலுக்குள் காட்டுக்கான எல்லைக்கல் நிற்பதைக் கண்டவர்கள். பற்றை வளர்ந்து கிடந்த இடம் படத்தில் காடாகத் தெரிந்திருக்கிறது. 2014இல் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு வட மாகாணத்துக்கு ஒரு சுற்றாடல் மதிப்பீடு செய்தார்கள். 2015இல் மடு வீதியும் சுண்டிக்குளமும் தேசிய பூங்காக்களாயின. 2016இல் விடத்தல்தீவு, 2017இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடங்கள். கண்டலுக்கும் பறவைக்கும் இது தேவை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. விடத்தல்தீவில் கண்டல் போனால் இறாலும் போகும், எங்கள் சங்கத்துக்கே அது தெரியும். அதே விடத்தல்தீவில் ஒரு துண்டை நீருயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024இல் வர்த்தமானி வந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கம்பனிக்கு இளகுகிற கோடு கரைவலைக்காரனுக்கு ஏன் இளகுவதில்லை என்று கேட்கிறார்கள். இந்த நிலையில் ‘கடன் கழிகிறது’ என்று இனிப்பான பாதியை மட்டும் சொல்கிற பெயர் எனக்குச் சரிப்படாது.

மல்லாவி மடல்

மன்னார்த் தம்பி சொன்னதில் இரண்டாவதுக்கு என்னிடம் விடை இருக்கிறது. ‘கழிப்பு’ வேண்டாம், ‘கழிவு’ என்று வையுங்கள்.

குப்பைக் கழிவு என்று உடனே ஒருவர் எழுதுவார் என்று தெரியும். வவுனியாக் கடைவீதியில் புடைவைக்கடை வாசலில் ‘10 வீதக் கழிவு’ என்று எழுதித் தொங்குகிறது. அதைக் குப்பை என்று எவரும் வாசித்ததில்லை. விலைக்கழிவு எங்கள் வணிகத் தமிழில் ஊறின சொல். பெலீஸ்காரர் டொலருக்கு 55 சதம் கொடுத்தாரே, அது அசல் விலைக்கழிவு. பொலிவியாவில் நடந்தது இரத்து, அதுவும் கடனில் கழிவு. ஒரு நாடு தான் கொடுத்த கடனுக்கு “எனக்குக் கட்ட வேண்டாம், உன் நாட்டு ரூபாயில் உன் காட்டு நிதியத்துக்குக் கட்டு” என்று சொல்கிற ஒப்பந்தங்களும் உண்டு. அதுவும் கழிவு. மூன்றுக்கும் ஒரே சொல் நிற்கும். புதுக் கடன் வாங்கிச் செய்கிற வகையைத் தனியாகச் சொல்ல வேண்டி வந்தால் ‘மீள்வாங்கல் வகை’ என்று சேருங்கள்.

வெறும் காப்பு வளையல் ஆகிறது என்பதையும் ஏற்கிறேன். ‘இயற்கைக்காப்பு’ என்று சேர்த்து எழுதினால் போதும். காடும் கடலும் களப்பும் அதற்குள் அடங்கும்.

மூன்றாவது, தம்பி, அது பெயருக்குள் அடங்கக் கூடிய விசயமில்லை. ஒரு சொல்லில் கடனையும் கழிவையும் காப்பையும் வைத்து, சனத்தின் உரிமையையும் திணித்தால் அது பாராளுமன்றச் சட்டத்தின் தலைப்பு மாதிரி வரும். அதற்குத் தனிச் சொல் வேண்டும்.

மன்னார் மடல்

தனிச் சொல் என்றால் சம்மதம். ‘ஒதுக்கு நிபந்தனை’. ஒதுக்கிடம், ஒதுக்குக்காடு என்று எங்கள் காதுக்கு முன்பே பழகின சொல், இதில் ஒளிக்க இடமில்லை. கழிவு எவ்வளவு என்று எழுதுகிற இடத்திலெல்லாம் பக்கத்திலேயே ஒதுக்கு நிபந்தனை என்ன என்றும் எழுத வேண்டும். இரண்டும் ஒரே பந்தியில், ஒரே எழுத்தளவில். அடிக்குறிப்பாகக் கீழே தள்ளினால் நான் பிரசுரத்தை விநியோகிக்க மாட்டேன்.

கிளிநொச்சி மடல்

ஐயாவுக்கும் அண்ணைக்கும் நன்றி. பிரசுரத்தில் இப்படிப் போகிறது:

“இயற்கைக்காப்புக் கடன்கழிவு: ஒரு நாடு கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடனில் ஒரு பங்கு குறைக்கப்படும், அல்லது இரத்தாகும். அதனால் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை அந்த நாடு தன் காடு, கடல், களப்புகளைக் காக்கச் செலவிடும். காணி கடன் கொடுத்தவருக்குப் போகாது, அதன் விளைச்சலும் போகாது. ஆனால் ஒதுக்கு நிபந்தனை உண்டு: குறித்த அளவு நிலத்தையோ கடலையோ காப்பதாக அரசு எழுதிக் கொடுக்கும். எந்த இடம், அங்கே என்ன தொழில் செய்யலாம் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.”

கடைசி வசனத்துக்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு: மொன்றியல் இலக்குகளில் 30 வீதத்தைப் பற்றிய 3ஆம் இலக்கே உள்ளூர்ச் சமூகங்களின் உரிமைகளை மதிக்க வேண்டும் என்று சொல்கிறது, 22ஆம் இலக்கு முடிவெடுப்பதில் அவர்கள் பங்கெடுப்பதைப் பற்றியது. இரண்டையும் பிரசுரத்தில் இலக்கத்தோடு போட்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர் உயிர்ப்பல்வகைமையைப் பல்லுயிர் என்று மாற்றச் சொல்லித் தனிமடல் போட்டிருந்தார். சொல் அழகுதான். இங்கே பள்ளிப் புத்தகத்திலும் திணைக்களப் பலகையிலும் இருப்பது உயிர்ப்பல்வகைமை, அதையே வைத்திருக்கிறேன்.

மல்லாவி மடல்

நல்லது பிள்ளை. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். பிரசுரத்தில் ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்று வருகிற இடத்தில் எந்த வகை என்று அடைப்புக்குறிக்குள் போடுங்கள். சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். தேசிய பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டில்லாமல் கால் வைக்க முடியாது. 1938இலிருந்து சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் பூங்காவானபோது பெயர்ப்பலகை மட்டும் மாறியதாகப் பலர் நினைத்தார்கள். ஒதுக்கு நிபந்தனையில் ‘30 வீதம்’ என்று எழுதியிருந்தால் அது எந்த வகையில் 30 வீதம் என்பதைத்தான் புதுக்குடியிருப்பில் அடுத்ததாகக் கேட்பார்கள்.