புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். வைசியாள் வீதி என்கிற கால்வே சுப்பராயச் செட்டி வீதியில் வீடுகள் எப்படி மாறி வந்தன என்று வீடு வீடாகக் குறித்து வைக்க ஆரம்பித்திருக்கிறேன், அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

தமிழர் பகுதி வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: தெருவோரம் மரத்தூண் வைத்து ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, உள்ளே போனால் முற்றம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பல வீடுகளில் கீழ்த்தளம் அப்படியே இருக்க, மேலே மட்டும் வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டிய தூண்களுமாக மாடி வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கலப்புதான். அப்புறம் எத்தனையோ வீடுகளில் தாழ்வாரத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள், திண்ணையை மூடி அறையாக்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் (INTACH) அமைப்பு இங்கே முகப்புகளைச் சீரமைத்து, 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

இடைப்பட்ட காலம்தான் எனக்குப் பிடிபடவில்லை. 1954-க்கும் 2000-க்கும் நடுவில் எந்த வீட்டில் எப்போது திண்ணை போனது, எது இடித்துக் கட்டியது என்று தெரிய வேண்டும். கல்யாண ஊர்வலம், தேர், பொங்கல் என எந்தப் படமானாலும் சரி, பின்னால் வீட்டு முகப்பு கொஞ்சம் தெரிந்தால் போதும். பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரத்தில் வீட்டு விவரம் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் அனுப்புங்கள். படத்தோடு தோராயமாக எந்த வருடம், வீதியின் எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.