கையடக்க ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). டாக்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் எழுதியிருக்கிறார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இந்தச் சின்ன மெஷினில் 1 முதல் 5 வரை செட்டிங் இருக்கிறதே, 2-இல் வைத்தால் சரியா? இரவிலும் போடலாமா?

பதில் 1: அந்த 2 வேறு, இந்த 2 வேறுங்க. சின்ன மெஷின்கள் பெரும்பாலும் பல்ஸ் முறை, அதாவது மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் தரும், செட்டிங் எண் லிட்டர் கணக்கே இல்லை, மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் அதை மாட்டிக்கொண்டு அப்பா நடக்கட்டும், விரலில் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். அதில் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு டாக்டர் சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்கினால் அந்த மாடல் வேண்டாம்.

பதில் 2: தூக்கத்தில் மூச்சு மெலிதாகும், வாயாலும் இழுப்பார்கள், மெஷின் அதை உணராமல் போகலாம். டாக்டரைக் கேட்காமல் இரவில் போடாதீர்கள், தயவுசெய்து.

பதில் 3: விளம்பரத்தில் வரும் பேட்டரி நேரம் பெரும்பாலும் குறைந்த செட்டிங்குக்கானது. அப்பாவின் செட்டிங்கில் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். அப்புறம் எடை, அவர்தானே தூக்கப் போகிறார்.