ஆகஸ்ட் மாதத்தில் ஏறக்கூடிய காட்டு மலை எது?

வெள்ளவத்தைவாசி:
ஆகஸ்ட் விடுமுறையில் அலுவலக நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஒரே பகலில் ஏறி இறங்கக்கூடிய, உச்சியிலும் காடு உள்ள மலையொன்றைத் தேடுகிறோம். வெள்ளி இரவு கொழும்பிலிருந்து புறப்பட்டு ஞாயிறு காலைக்குள் திரும்பிவிட வேண்டும். யாத்திரைப் பருவகாலம் முடிந்துவிட்டதால் கூட்டம் இராது, சிவனொளிபாதமலைக்கே போகலாம் என்று பாதிப் பேர் வற்புறுத்துகின்றனர். கோடையில் மலைநாடு உலர்ந்திருக்கும் என்று நாம் நினைப்பது சரிதானா? எங்களுள் ஒருவருக்கு முழங்கால் வலியும் உண்டு.

கொட்டாஞ்சேனை நடையர்:
கொழும்பு வெயிலை வைத்து மலைநாட்டைக் கணிக்க வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை முதலில் மோதுகின்ற மேற்குச் சரிவுகளிலேயே கொட்டிவிடுகிறது. சிவனொளிபாதமலைக்குப் போகும் வழியிலுள்ள மஸ்கெலியாவும் நல்லதண்ணியும் அந்தப் பக்கத்தில்தான் உள்ளன. அதே காற்று மலைமுதுகைத் தாண்டி, கிழக்குப் பக்கத்திலுள்ள ஊவாவில் இறங்கும்போது வறண்டு, மட்டக்களப்புவரை கச்சான் என்னும் வறண்ட காற்றாக வீசுகிறது. ஆகவே இந்த மாதத்தில் மலையின் உயரத்தைவிட, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சிவனொளிபாதமலையின் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அதன்பின் படிக்கட்டு விளக்குகள் எரிவதில்லை, தேநீர்க் கடைகளும் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். 2,243 மீற்றர் உயரத்தில், மழைநீர் வழிந்தோடும் படிகளில் இருட்டில் ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். கூட்டம் இராது என்பது உண்மை. வழுக்கி விழுந்தவரைத் தூக்க ஆளும் இராது.

பசறைக்காரி:
அப்படியானால் நமுனுகுலைக்கு வாருங்கள். 2,000 மீற்றருக்கு மேல் உயரமான இம்மலை ஊவாவின் மழைமறைவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் பதுளைக்கு வந்தால் விடியற்காலையில் அடிவாரத்தை அடைந்துவிடலாம். முதலில் தேயிலைத் தோட்டம், பிறகு ஆளுயர மானாப்புல், அதற்குமேல் காடு என்று ஏற்றம் மாறிக்கொண்டே போகும். மானாப்புல்லின் ஓரம் தோலைக் கீறும் என்பதால் முழுக்கைச் சட்டை அவசியம். காட்டுக்குள் நுழைந்தவுடன் வெளிச்சம் குறையும். மரங்கள் குட்டையாகி, கிளைகளில் பாசி தொங்கும். மழையே பெய்யாத நாளிலும் மூடுபனி அப்பாசியில் படிந்து சொட்டுவதால் வேர்கள் ஈரமாகவே இருக்கும், இறங்கும்போது அவற்றில் கால் வைக்காதீர்கள். தோட்டத்துப் பாதைகள் பல இடங்களில் பிரிவதால், அங்குள்ள இளைஞர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் செல்வது நல்லது. ஒரு வேண்டுகோள்: இந்த மாதங்களில் ஊவாவில் காட்டுத்தீ அடிக்கடி மூளுகிறது, மேலே சென்று அடுப்பு மூட்டாதீர்கள்.

கொட்டாஞ்சேனை நடையர்:
முழங்கால் வலியுள்ள நண்பருக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள தொட்டுபொல மலை 2,357 மீற்றர் உயரமானது என்றாலும், சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல் இருப்பதால் ஏற்றம் குறைவு. பட்டிப்பொல நுழைவாயிலுக்கு அருகிலிருந்து ஏறலாம். கிரிகல்பொத்த (2,388 மீற்றர்) அங்கேயே இருந்தாலும், போக மட்டும் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நடக்க வேண்டும். அவருக்கு அது வேண்டாம். ஆகஸ்டில் அங்கே காற்றும் மூடுபனியும் பலமாக இருக்கும். வாயிலில் பொலித்தீனைக் களைந்துவிடுவார்கள், உணவை மூடியுள்ள பெட்டியில் கொண்டுபோங்கள்.

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் நன்றி. முழங்கால் வலிக்காரரையும் கேட்டோம். மெதுவாக ஏறுவதாக இருந்தால் நமுனுகுலைக்கே வருவதாகச் சொல்கிறார். வறண்ட பக்கம் என்றால் அட்டைத் தொல்லையும் இராதல்லவா?

பசறைக்காரி:
புல்வெளியில் இராது, மேலுள்ள ஈரக்காட்டில் இருக்கும். அட்டை சப்பாத்தின் நாடாத்துளை வழியாகக்கூட நுழையும். ஆதலால் காற்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகி, காலுறைமேல் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் உப்போ தேசிக்காய்ச் சாறோ இடுங்கள், தானாக விழுந்துவிடும். முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். அவருக்கு ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்து, எல்லோரும் நண்பகலுக்கு முன்னரே உச்சியிலிருந்து புறப்படுங்கள்; பிற்பகலில் இடிமழை வந்தால் அந்தப் புல்வெளியில் ஒதுங்க இடமில்லை.