ஷோரீலில் 22 ஷாட் இருக்கிறது, ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை. எங்கே தப்பு?

புளியரை_வடக்கு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் செங்கோட்டை தாண்டிப் புளியரை. கேரளப் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் இரண்டு வருஷம் ரோட்டோ (உருவங்களின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டிப் பிரிப்பது), பெயின்ட் (படத்தில் வேண்டாததை அழிப்பது) வேலை பார்த்தேன். காம்ப் வேலைக்கு, அதாவது தனித்தனியாக எடுத்த, செய்த படங்களை ஒரே காட்சியாகச் சேர்க்கிற வேலைக்கு, மாற வேண்டும் என்று ஆறு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து ஷோரீல் (வேலை கேட்டு அனுப்புகிற மாதிரி வீடியோ) செய்தேன். 3 நிமிடம் 40 விநாடி. சென்னை, கொச்சி, ஹைதராபாத் என்று பதினான்கு இடங்களுக்கு அனுப்பியதில், ஒரே ஓர் இடத்திலிருந்து "இன்னும் மெருகு வேண்டும்" என்று ஒரு வரி வந்தது. எதை மெருகேற்றுவது என்றுதான் தெரியவில்லை.

நான் ரொம்ப நம்பியது முதல் ஷாட்டை. கழுதுருட்டியில் இருக்கிற 13 கண் பாலம். ஜூலையில் சாரல் விட்டிருந்த ஒரு காலை நேரத்தில் போனில் எடுத்தேன். அதன் மேல் பழைய மீட்டர்கேஜ் நீராவி ரயிலை பிளெண்டர் என்கிற 3D மென்பொருளில் செய்து செங்கோட்டைப் பக்கம் ஓடவிட்டேன். மேலே இரண்டு ஹெலிகாப்டர், நடுக் கண் ஒன்று வெடித்துச் சரிவது, மூலையில் சூரியன், லென்ஸ் ஃப்ளேர் (சூரிய ஒளி லென்ஸில் பட்டுச் சிதறுகிற வளையங்கள்) எல்லாம் உண்டு. காம்ப் முழுக்க நியூக் என்கிற மென்பொருளின் இலவசப் பதிப்பில். எங்கள் தாத்தா அந்த ரயிலில்தான் புனலூர் போய் வருவாராம், அதனால் அந்த ஷாட் மேல் எனக்குத் தனிப் பாசம். வீட்டில் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். எனக்கே ஏதோ ஒட்டாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது.

வடபழனி_காம்ப்:

தம்பி, முழுதும் பார்த்தேன். எனக்கும் தென்காசிதான், அதனால் அந்தப் பாலத்தை நன்றாகவே தெரியும்.

முதலில் வெளிச்சம். சாரல் நேரத்துப் பிளேட் (நீங்கள் போனில் எடுத்த மூலப் படம்), வானம் முழுக்க மூட்டம். பாலத்துக்கு அடியில் ஒரு நிழல் கோடுகூட விழவில்லை. அங்கே சூரியன் எப்படி வந்தது? ஃப்ளேரை எடுங்கள், ரயிலுக்குப் போட்ட சன் லைட்டையும் அணைத்துவிடுங்கள். மூட்டத்தில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் இறங்கும். ரயில் பாலத்தோடு சேர்கிற இடத்தில் மட்டும் மெல்லிய இருட்டு தேங்கும், அது போதும்.

அடுத்தது கறுப்பு. உங்கள் வீடியோவை நிறுத்தி வைத்து அளந்து பார்த்தேன் (0 என்றால் முழுக் கறுப்பு, 1 என்றால் முழு வெள்ளை). கேமராவுக்குப் பக்கத்துக் கண்ணுக்குள் இருட்டு 0.03. தூரத்தில் கடைசிக் கண்ணில் அது 0.11, லேசாக நீலமும் ஓடியிருக்கிறது. நடுவில் நிற்கிற ஈரக் காற்றின் வேலை அது. உங்கள் ரயிலோ இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரே கறுப்பு. நியூக்கில் படம் தெரிகிற வியூயரில் காமாவை (இருட்டான பகுதிகளை வெளிச்சமாக்கிக் காட்டுகிற அளவை) ஏற்றிப் பாருங்கள், படத்தைக் கத்தரித்து ஓட்டை போட்டது போல ரயில் தனியாகத் தெரியும். பிளெண்டரிலிருந்து டெப்த் பாஸ் (ஒவ்வோர் இடமும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டுகிற படம்) எடுத்து அதையே மாஸ்க்காக (எங்கே எவ்வளவு மாற்றம் என்று சொல்கிற மறைப்பாக) வைத்து, தூரம் போகப் போகக் கறுப்பைத் தூக்குங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். பிளேட்டில் நீலத்தில்தான் இரைச்சல் (பொடிப் பொடியான புள்ளிகள்) அதிகம், ரயிலில் எந்தச் சேனலிலும் துளிகூட இல்லை.

புகையையும் கவனியுங்கள். ஜூலையில் காற்று கேரளத்திலிருந்து நம் பக்கம்தான் அடிக்கும், உங்கள் பிளேட்டில் மரமெல்லாம் கிழக்கே சாய்கிறது. ரயிலும் கிழக்கே போகிறது, புகை மட்டும் மேற்கே ஓடுகிறது. மலைப்பாதையில் ரயில் மெதுவாகத்தான் போகும், காற்று அதை முந்திவிடும்.

ஹெலிகாப்டரும் வெடியும் வேண்டாம். ஒரு ஷாட்டில் ஐந்து சாமான் இருந்தால், பார்க்கிற சூப்பர்வைசரின் கண் அதில் மோசமானதில்தான் போய் நிற்கும்.

மீட்டர்கேஜ்_நினைவு:

காம்ப் எனக்குத் தெரியாது, ரயில் தெரியும். இன்ஜின் பாலத்துக்கு ஒவ்வாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறதே, சக்கரத்தை இப்போதைய தண்டவாளத்தின் அகலத்துக்குப் பொருத்தினீர்களா? 1904-இல் திறந்தது மீட்டர்கேஜ் பாதை, அகலம் 1000 மில்லிமீட்டர். இப்போது அங்கே கிடப்பது 2018-இல் முழுதாகத் திறந்த அகலப்பாதை, 1676 மில்லிமீட்டர். சக்கரத்துக்காக இழுத்திருந்தால் ரயில் முழுவதுமே 1.676 மடங்கு ஊதியிருக்கும்.

கொல்லங்கோடு_அக்கா:

நான் ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்து ரீல் பார்ப்பவள். 3:40 யாரும் பார்க்க மாட்டார்கள். முதல் பத்து, பதினைந்து விநாடியிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடும்.

உங்களிடம் இருக்கிற நல்ல ஷாட் எது தெரியுமா? பதினேழாவது. வயல் நடுவில் ஒரு கிழவி நடந்து வருகிறாள், பின்னால் மலை. அதில் எதைச் செய்தீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான், தலைக்கு மேல் இருந்த மின்கம்பியையும் கம்பத்தையும் எடுத்திருக்கிறீர்கள் என்று பிடிபட்டது. கம்பி அவள் முந்தானைக்குப் பின்னால் போகிற இடத்தில், துணி காற்றில் துடிக்கிறது, அங்கேகூட ஓரம் நடுங்கவில்லை. இந்த வேலையைக் கொண்டுபோய் 2:50-இல் ஒளித்து வைத்திருக்கிறீர்களே!

அதை முதலில் வையுங்கள். ரயில் இரண்டாவது. அப்புறம் நன்றாக இருப்பது இன்னும் மூன்று, ஆக ஐந்து ஷாட், ஒரு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் மூலப் பிளேட்டிலிருந்து முடிந்த படம் வரை படிப்படியாகக் காட்டுங்கள், நீங்கள் செய்தது எது என்று ஓரத்தில் ஒரு வரி போடுங்கள். பழைய ஸ்டுடியோ ஷாட் எதையும் அனுமதி வாங்காமல் சேர்க்காதீர்கள். அந்த இடி முழக்கப் பாட்டையும் எடுத்துவிடுங்கள்.

புளியரை_வடக்கு:

அண்ணாச்சி, அக்கா, எல்லோருக்கும் நன்றி. தண்டவாள அகலம் விஷயம் அப்படியே உண்மை, சக்கரம் பொருந்தவில்லை என்று நான்தான் இழுத்தேன். 0.597-க்குக் குறைத்ததும் பாலம் திடீரென்று பெரிதாகிவிட்டது. சாலையிலிருந்து மேலே பார்க்கிற கோணம் என்பதால் தண்டவாளமே கண்ணில் படாது, இவ்வளவு நாள் எதற்காக அதோடு மல்லுக்கட்டினேனோ. ரயிலைப் புனலூர்ப் பக்கம் திருப்பிவிட்டேன், புகை இப்போது மரங்களோடு சேர்ந்து போகிறது. வெடியை அழிக்க மனசே வரவில்லை, இரண்டு மாத உழைப்பு. நேற்று ராத்திரி அழித்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. போன் தானாகவே ஷார்ப்பன் செய்திருக்கிறது (விளிம்புகளைக் கூர்மையாக்கியிருக்கிறது), கல்லின் விளிம்பெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடு. ரயில் விளிம்பில் அது இல்லை. சேர்ப்பதா, பிளேட்டிலிருந்து எடுப்பதா?

வடபழனி_காம்ப்:

இரண்டும் வேண்டாம், புதிதாக எடுங்கள். பக்கத்து ஊர்தானே. கேமராவைக் கையால் அமைக்கிற ஆப் போட்டு ஷார்ப்பனைக் குறையுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 1/48 விநாடி. வெளிச்சம் அதிகமானால் லென்ஸ் முன்னால் ஒரு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற கண்ணாடி). போனைத் தானாக விட்டால் ஷட்டரை வேகமாக்கிவிடும், மரக்கிளையில் மோஷன் பிளரே (அசைவால் வருகிற மங்கல்) இருக்காது, ரயிலில் மட்டும் இருக்கும்.

கொல்லங்கோடு_அக்கா:

எடுத்து முடித்ததும் அதே இடத்தில் பளபளப்பு இல்லாத சாம்பல் பெயின்ட் அடித்த பந்து ஒன்றைப் பிடித்துப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று அது சொல்லும். குரோம் பந்து கிடைக்காவிட்டால் பெரிய எவர்சில்வர் கரண்டியின் முதுகைக் காட்டுங்கள், வானம் மொத்தமும் அதில் தெரியும்.

புளியரை_வடக்கு:

அம்மாவிடம் கரண்டி வாங்கி வைத்துவிட்டேன் அக்கா. சனிக்கிழமை போகிறேன்.

மீட்டர்கேஜ்_நினைவு:

ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள் தம்பி. அப்புறம் ரோட்டோரம் கார்களை நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.