கிரானைட் தரை போட்டவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

செந்தூல் தெரஸ் வீடு:

கிரானைட் போட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். வெளிர் சாம்பல் கல், இரண்டடிக்கு இரண்டடி, கூடம் முழுக்க. அரை ஈரக் கலவை பரப்பி, சிமெண்டுப் பால் ஊற்றிப் பதித்தார்கள். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் ஓரம் கருத்து, நடுவில் வெளுத்து, படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி. "ஈரந்தான் பாஸ், காய்ந்துவிடும்" என்றார் கொன்ட்ராக்டர். சரி என்று மீதிப் பணத்தையும் கொடுத்தாச்சு.

தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து பெரியம்மா வந்தார். வாசலில் நின்று, "யாருடா தண்ணியைக் கொட்டினது, பிள்ளைங்க வழுக்கி விழப்போறாங்க" என்று துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கல்லை முடித்து அடுத்த கல்லுக்குப் போகிறார். விருந்தாளிகள் காலைத் தூக்கி வழி விடுகிறார்கள். அது ஈரமில்லை என்று அவரிடம் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. காசு போனதை விட அதுதான் உறுத்துகிறது.

ஜெலுத்தோங் அப்பார்ட்மென்ட்:

உங்களுக்குக் கறைதானே தம்பி, எனக்கு வெடித்தது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கூடத்தில் டமார் என்று சத்தம். கேஸ் தோம்புதான் வெடித்தது என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். விளக்கைப் போட்டால், சாப்பாட்டு மேசைக்கு அடியில் இரண்டு கிரானைட் கல் ஒன்றோடொன்று முட்டி மேலே எழும்பி நிற்கிறது, மேசையின் ஒரு கால் அந்தரத்தில். அப்புறம் பக்கத்துக் கல்லும் கறக் கறக் என்று தானாக நகர்ந்தது. குடும்பமே சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் வெயில் என்கிறார், கொன்ட்ராக்டர் கட்டடம் என்கிறார், மேனேஜ்மென்ட் எங்கள் வேலை இல்லை என்கிறது.

செராஸ் கட்டட சைட்:

அக்கா, உங்கள் வீட்டில் போட்டது கிரானைட்டே இல்லை, போர்சிலினாக இருக்கும். கிரானைட் என்று சொல்லியே விற்பார்கள். உடைந்த துண்டின் ஓரத்தைப் பாருங்கள். ஒரே மாவாக இருந்தால் சூளையில் சுட்டது, மினுக்கும் மணிகள் தெரிந்தால் கல். எதுவானாலும் எழும்ப முக்கியக் காரணம் ஒன்றுதான். புதுக் கட்டடத்துக் கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும், மேலே இருப்பது அதோடு சேர்ந்து சுருங்காது. சுவரோடு முட்ட முட்டப் பதித்தால் நெருக்கம் தாங்காமல் மேலேதான் வரும். சுவர் ஓரமாக ஒட்டும் பட்டை இருக்கிறதே, ஸ்கர்ட்டிங், அதற்கு அடியில் கால் அங்குலம் இடைவெளி விட வேண்டும். பெரிய கூடத்தில் 20, 25 அடிக்கு ஒரு சிலிக்கோன் இணைப்பு, நெருக்கினால் அமுங்கிக் கொடுக்கும் ரப்பர் மாதிரிக் கோடு, வேண்டும், நேர் வெயில் விழும் இடமென்றால் 8 முதல் 12 அடிக்கு ஒன்று. பார்க்க அசிங்கம் என்று வீட்டுக்காரர்களே வேண்டாம் என்பார்கள், அது வேறு கதை.

செந்தூல்காரரே, கல் தண்ணீர் குடிக்கும். வெளிர் கல்லுக்கு வெள்ளை ஒட்டுப்பசை, பதிக்கும் முன்பே ஆறு பக்கமும் சீலர், அதாவது ஈரம் இறங்காமல் தடுக்கும் பூச்சு. இப்போது அவசரப்பட்டு மேலே மட்டும் சீலர் அடித்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். கலவை காய மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. 50 மில்லிமீட்டர் கனம் என்றால் 50 நாள், நம் ஊர்க் காற்றில் இன்னும் இழுக்கும். மேலே கல்லைப் பதித்து மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். தரைவீடு என்பதால் கான்கிரீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தார்களா என்றும் விசாரியுங்கள், இல்லாவிட்டால் மண்ணிலிருந்தே ஈரம் ஏறும்.

என் கதை சின்னது. கெப்போங்கில் மாமனார் வீடு. அவர் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டி, உள்ளே வெற்றிடச் சத்தம் வந்த இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டார். கூடம் முழுக்க வட்டம். கொன்ட்ராக்டர் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலோடு திரும்பிப் போனார்.

புக்கிட் மெர்தாஜாம் கல்வேலை:

சைட் அண்ணன் சொல்வது புத்தகத்துக்குச் சரி. ஆறு பக்கமும் சீலர் அடிக்க யார் காசு தருகிறார்கள்? சதுர அடிக்கு ஐம்பது காசு குறைக்க ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள்தான் அதிகம். சத்தம் வந்த கல்லை எல்லாம் பெயர்க்கவும் வேண்டாம். கல்லின் மூலையில் வந்தால்தான் பயம், பாரம் ஏறினால் விரிசல் விடும்.

எனக்கு மறக்காதது ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு. பினாங்குத் தீவே கிரானைட் பாறை, ஆனாலும் கல் கப்பலில்தான் வருகிறது, அதை விடுங்கள். வெள்ளைக் கல், கறுப்புப் புள்ளி. சிமெண்டுத் தெறிப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்கார அக்கா குளியலறை கழுவும் ஆசிட்டோடு வருகிறார். "வேண்டாம்க்கா, கல்லுக்குள்ள இரும்பு இருக்கு, துரு கிளம்பும்" என்றேன். நான் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் ஊற்றித் தேய்த்தாச்சு. அப்போது பளிச்சென்றுதான் இருந்தது. அப்புறம் கூப்பிட்டு விட்டார்கள். புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் படர்ந்திருக்கிறது. வீட்டுக்கார அண்ணன் என்னைப் பார்க்கிறார், அக்கா ஜன்னலைப் பார்க்கிறார். பிடித்தது என் கூலியில்.

இன்னொன்று, கல் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் மருந்தே கிடையாது. உங்கள் பிள்ளைகளும் அங்கேதான் ஓடுகிறார்கள்.

ஜெலுத்தோங் அப்பார்ட்மென்ட்:

துண்டை எடுத்துப் பார்த்தேன். மாவுதான். ரசீதில் கிரானைட் என்று எழுதி விலையும் அதற்கே வாங்கியிருக்கிறார்கள். நாளைக்குத் துண்டையும் ரசீதையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்:

நடுவில் புகுந்து கேட்கிறேன். சாமி மேடைக்கு முன்னால் விளக்கெண்ணெய் கொட்டி கிரானைட்டில் இறங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்கிறார் மாமியார்.

புக்கிட் மெர்தாஜாம் கல்வேலை:

எலுமிச்சை ஊறின எண்ணெயை எடுக்காது. சமையல் சோடாவை அசிட்டோனில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். போகவில்லை என்றால் மறுபடியும். முதலில் சாமி விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், அசிட்டோன் குப்பென்று பற்றிக்கொள்ளும்.